கிணத்துக்காட்டு வீதியின் ஊதாக் கோடுகள்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. ஓய்வு பெற்றவளுக்கு அங்கிருந்து போன் வந்தால் ஒன்று பென்ஷன் சமாச்சாரமாக இருக்கும், இல்லாவிட்டால் யாரோ போய்ச் சேர்ந்த சேதியாக இருக்கும். இது இரண்டும் இல்லை. இப்போது அங்கே உதவி இயக்குநராக இருக்கும் கவிதா பேசினார். பழைய வரைபடங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"மேடம், நல்லூர்ப் பக்கம் ஒரு தாள்ல மஞ்சளுக்கு மேல ஊதாக் கலர்ல கோடு கோடா போட்டிருக்குதுங்க. குறியீட்டுப் பட்டியல்ல அப்படி ஒண்ணே இல்லீங்க. யாராச்சும் பென்சிலைத் தீட்டிப் பாத்த கிறுக்கலுங்களா?"

"கிறுக்கல் இல்லீங்க. நான் போட்டதுங்க" என்றேன்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க மேடம். ஒரு இடத்துக்கு ஒரு கலர்தான் இதுல ஏத்த முடியுது. அதுதான் கேட்டேன். என்ன விஷயம்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா கோப்புல வெச்சுக்குவேன்."

இரண்டு வரியில் எழுத எனக்கு வராது. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று என் வீட்டுக்காரரே சொல்வார். ஆகவே முழுக்கவே எழுதுகிறேன். கோப்பில் வைப்பதோ விறகுக்குப் போடுவதோ அவர்கள் பாடு.

நான் தாராபுரத்துக்காரி. பாலிடெக்னிக்கில் வரைவாளர் படிப்பு படித்தேன். முதல் வேலை சேலத்தில், அப்புறம் ஈரோடு. அங்கெல்லாம் செய்தது தாளை விரித்து மையால் கோடு போடுவது, கோடு தப்பினால் பிளேடால் சுரண்டுவது, இரண்டு பிள்ளைகளைப் பெற்றது, அவ்வளவுதான். திருப்பூருக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. திருப்பூர் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. ஆனால் ஊர் மட்டும் யாரையும் கேட்காமல் நாலு பக்கமும் வளர்ந்துகொண்டிருந்தது. வேலம்பாளையத்தில் போன மாதம் சோளக்காடாக இருந்த இடத்தில் இந்த மாதம் தையல் யூனிட் இருக்கும். எங்கள் கையில் இருந்த வரைபடமோ பழைய ஊரைக் காட்டிக்கொண்டிருந்தது. அதனால் முழுமைத் திட்டத்தைப் புதிதாகப் போட உத்தரவு வந்தது.

முழுமைத் திட்டம் என்றால், ஊரில் எந்த இடம் எதற்கு என்று நிறம் தீட்டி வைப்பது. மஞ்சள் என்றால் வீடு, நீலம் கடை, ஊதா தொழில், பச்சை விவசாயம். நிறம்தானே என்று நினைக்கக் கூடாது. ஒரு தெருவுக்கு மஞ்சள் விழுந்து, அதற்கு அரசு ஒப்புதலும் வந்துவிட்டால், அங்கே பவர் மிசின் ஓட்டுவது சட்டப்படி குற்றம். நோட்டீஸ் வரும், கரண்ட் இணைப்பு கிடைக்காது, பூட்டி சீல் வைக்கவும் வழி உண்டு. அதனால் நிறம் தீட்டுவதற்கு முன் தெருத் தெருவாகப் போய் இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு என்னையும் இன்னும் மூன்று பேரையும் போட்டார்கள்.

போட்டவர் எங்கள் துணை இயக்குநர். டி.டி. என்றுதான் சொல்வோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோப்பை மேசையில் வைத்தால் வலது கை ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்து, ஒரு வரி விடாமல் விரலால் தடவிக்கொண்டே படிப்பார். எதிரே நிற்பவரை உட்காரச் சொல்லவும் மாட்டார், நில் என்று சொல்லவும் மாட்டார். விரல் ஒரு வரியில் நின்றுவிட்டால் அங்கே தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் கொண்டுவந்த முறை ஒன்று இருந்தது. கள ஏட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரே ஓரத்தில் ஒரு எழுத்துப் போட வேண்டும். உள்ளே போய் நம் கண்ணால் பார்த்து எழுதினால் 'பா'. யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினால் 'கே'. 'கே' போட்ட கட்டடத்துக்கு இன்னொரு நாள் மறுபடியும் போய்ப் பார்த்து அதை 'பா' ஆக்க வேண்டும்.

"நீங்க பாத்ததுக்கு நான் கையெழுத்துப் போடுதேன். நீங்க கேட்டதுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போட முடியும்?" என்பார்.

நல்ல முறைதான். இப்போது சொல்கிறேன். அப்போது நாலு பேரும் அவரை வாயில் போட்டு மெல்லாத நாள் கிடையாது. ஒவ்வொரு 'கே'க்கும் இன்னொரு நடை. பஸ் ஏறி, வெயிலில் நடந்து, நாய்க்குப் பயந்து, போய்ப் பார்த்தால் அந்த வீடு பூட்டியிருக்கும்.

கிணத்துக்காட்டு வீதி நல்லூரைத் தாண்டி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சின்னத் தெரு. மொத்தம் பதினேழு வீடு. நான் போனது பகல் பன்னிரண்டு மணிக்கு. நாலாவது வீட்டின் கேட்டைத் திறந்தேன். திறந்த மாத்திரத்தில் ஒரு சத்தம் நின்றது. அதுவரை அப்படி ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்ததே எனக்கு உறைக்கவில்லை. நின்ற பிறகுதான் காது அதைக் கண்டுபிடித்தது.

முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் வெளியே வந்தாள். பெயர் சரஸ்வதி என்றாள். தலைமுடியெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஊடு தானுங்களா, வேற ஏதாச்சும் தொழில் நடக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"ஊடு தானுங்க அம்மணி. வேற என்ன இருக்குதுங்க இங்க."

கதவு திறந்துதான் இருந்தது. முன் ஹாலில் வரிசையாக ஐந்தாறு மேடு. அவற்றின் மேல் பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். பெட்ஷீட்டுக்கு வெளியே ஒரு மிசினின் பெடல் நீட்டிக்கொண்டிருந்தது. சுவரோரமாக நாலு பெண்கள், ஏதோ வளைகாப்புக்கு வந்தவர்கள் போல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உள் அறையில் ஒரு பெரியவர் கட்டிலில் கிடந்தார். அவருக்குக் கீழே விரிக்க வேண்டிய பெட்ஷீட்டைத்தான் உருவி வந்து மிசினுக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது வெறும் கயிற்றுக் கட்டிலைப் பார்த்தபோது புரிந்தது.

அவர்களுக்கு எங்களைப் பார்த்தால் ஈ.பி.காரர்கள் மாதிரி. மிசின் இருக்கிறது என்று சொன்னால் வீட்டுக் கரண்ட் கம்பெனிக் கரண்ட் ஆகிவிடும், வரி ஏறிவிடும் என்று பயம். அந்தத் தெருவில் பதினேழு வீட்டிலும் அதே பதில்தான் கிடைத்தது. ஊடு தானுங்க.

எனக்குத் தெரியும். கண்ணிருக்கிறது, காதிருக்கிறது. நியாயமாக நான் 'தையல் தொழில்' என்று எழுதியிருக்க வேண்டும். பயந்த பெண்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லை என்றால் 'வீடு, கே' என்றாவது எழுதியிருக்கலாம். ஆனால் பதினேழு 'கே' என்றால் பதினேழு மறுநடை. வெயில் மண்டையைப் பிளந்தது. மறுநாள் என் மகளுக்குப் பள்ளியில் ஆண்டு விழா வேறு. ஒரு வேப்பமரத்தடியில் நின்று பதினேழு வீட்டுக்கும் 'வீடு' என்று எழுதி, ஓரத்தில் வரிசையாக 'பா' போட்டுவிட்டுப் பஸ் பிடித்தேன். நிம்மதியாகத்தான் போட்டேன்.

ஏட்டில் இருந்ததை வைத்து வரைவுத் திட்டம் தயாரானது. அந்தத் தெருவுக்கு மஞ்சளைத் தீட்டியதும் நான்தான். டி.டி. விரலால் தடவிப் படித்து, 'பா' இருந்ததால் கையெழுத்துப் போட்டார். வரைவு வெளியானால் பொதுமக்கள் எழுத்தில் ஆட்சேபனையும் ஆலோசனையும் சொல்ல இரண்டு மாதம் அவகாசம் உண்டு. விளம்பரம் பத்திரிகையில் வந்தது, எங்கள் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினோம். ஒட்டிய இடத்துக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டு. படிக்க ஆள் வரவில்லை.

அவகாசம் முடிய மூன்று வாரம் இருந்தபோது சரஸ்வதி எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் நகராட்சி அனுப்பிய ஒரு நோட்டீஸ். குடியிருப்புப் பகுதியில் இயந்திரம் ஓட்டுவதாகப் புகார் வந்திருக்கிறது, திட்டம் உறுதியானதும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"நீங்கதானுங்களே அன்னிக்கு வந்தது" என்றாள்.

உட்காரவைத்து விசாரித்தேன். அவளுடைய வீட்டுக்காரர் இறந்து நாலு வருடம். கட்டிலில் கிடப்பது மாமனார். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. புரட்டிப் படுக்கவைக்க, தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும். அவள் கம்பெனி வேலைக்குப் போனால் அவரைப் பார்க்க நாதியில்லை. அதனால் ஆறு மிசினை வீட்டுக்குள்ளேயே போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறாள்.

"வேலம்பாளையத்துல ஷெட்டு புடிச்சுப் போங்கறாங்க. மாமனாரைக் கட்டலோட தூக்கிட்டா போறதுங்க?" என்றாள். அழவில்லை. கேள்வியாகவே கேட்டாள்.

புகார் கொடுத்தவர் யார் என்பது நகராட்சிப் பதிவேட்டில் இருந்தது. அதே தெருவில் குடியிருக்கும் ஜோசப் வாத்தியார். ஓய்வு பெற்ற ட்ராயிங் மாஸ்டர். அந்தத் தெருவைப் பற்றி எங்களுக்கு வந்திருந்த ஒரே எழுத்து அவருடையதுதான். மஞ்சளை வரவேற்கிறேன், தயவுசெய்து மாற்றாதீர்கள் என்று அச்சடித்த மாதிரி எழுத்தில் எழுதியிருந்தார். கோப்பைப் பொறுத்தவரை கிணத்துக்காட்டு வீதி என்றால் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தெருவுக்குப் போனேன். சரஸ்வதி வீட்டு ஹாலில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடினார்கள். அதே தெருவில் தன் வீட்டு மாடியில் துணி வெட்டும் டேபிள் போட்டிருக்கும் ரஃபீக் பாயும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். ஆளுக்கொரு மனு தனித்தனியாக எழுதிக் கொடுங்கள் என்றேன். எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால், எத்தனை கையெழுத்து இருந்தாலும் பதிவேட்டில் விழுவது ஒரே எண்தான். வாத்தியார் வீடு போக மீதிப் பதினாறு வீட்டிலிருந்தும் காகிதம் வந்தால் பதினாறு எண்.

"எங்கூட்டுல மிசின் ஓடுதுன்னு நாங்களே எழுதிக் குடுத்தா, அதையே சாட்சியா வெச்சு எங்களைப் பூட்டீருவாங்களே மேடம்" என்றார் ரஃபீக் பாய்.

"எழுதாட்டியும் பூட்டத்தான் போறாங்க பாய்" என்றேன்.

சரஸ்வதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது இருக்கட்டுங்க. அன்னிக்கு எங்கூட்டுக்கு வந்துட்டுப் போய் நீங்க என்னன்னு எழுதுனீங்க?"

"ஊடுன்னு எழுதினேன். என் கண்ணால பாத்தேன்னு எழுதினேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். பெட்ஷீட்டை."

ஒருத்தி சிரித்துவிட்டாள். சரஸ்வதி சிரிக்கவில்லை. "அப்ப நாங்களும் பொய் சொன்னோம், நீங்களும் பொய் எழுதுனீங்க. மொதல்ல நீங்க எழுதிக் குடுங்க அம்மணி. அதைப் பாத்துப்போட்டு நாங்க எழுதறமுங்க" என்றாள்.

இருபது வருட சர்வீஸில் என் மூக்கை யாரும் அப்படி உடைத்ததில்லை. கோபமும் வந்தது. கோபம் தணிந்த பிறகு அவள் கேட்டது நியாயம் என்பதும் தெரிந்தது. ஆனால் பொய்யான பதிவு செய்தேன் என்று அரசு ஊழியர் ஒருவர் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது என்றால் என்ன என்று வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வேலை போகாவிட்டாலும் சம்பள உயர்வு நிற்கும், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் கீழே போகும்.

எழுதுவதற்கு முன் ஒன்று செய்தேன். அன்று ரஃபீக் பாய் வெட்டி முடித்திருந்த குழந்தைச் சட்டைக் கட்டு ஒன்று அவருடைய மொபெட்டில் கிளம்பியது. நெஞ்சில் மஞ்சள் வாத்துப் படம் போட்ட சட்டை. அந்தக் கட்டுக்குப் பின்னாலேயே ஏட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். ரஃபீக் பாயின் மாடியிலிருந்து சரஸ்வதி வீடு. அங்கே ஓவர்லாக் மிசினில் தோளும் கையும் சேர்ந்தன. அடுத்த வீட்டில் கழுத்துப்பட்டை. எதிர் வீட்டில் கீழ் மடிப்பு. அதற்கடுத்து பட்டன். பின்னால் ஒரு வீட்டில் மூன்று பேர் கத்தரியோடு உட்கார்ந்து நூல் பிசிறை வெட்டினார்கள். பிறகு செக்கிங், அயர்ன், கடைசி வீட்டில் அட்டைப் பெட்டி. ஒரு குழந்தைச் சட்டை கப்பலேறுவதற்கு முன் அந்தத் தெருவில் ஒன்பது வீடு ஏறி இறங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய்ப் பார்த்து 'பா' போட்டேன். மீதி எட்டு வீட்டில் ஏழில் வேறு கம்பெனிகளின் கட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாக்கி ஒன்று ஜோசப் வாத்தியார் வீடு.

அவர் வீட்டிலும் ஏறினேன். பொல்லாதவராக இருப்பார் என்று நினைத்துப் போனேன். காபி கொடுத்தார். "எனக்கு யார் மேலயும் பகை இல்லீங்க. கரண்ட் போச்சுன்னா என்ற படுக்கையறைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடுது. போன மாசம் என்ற ஊட்டுக்காரிக்கு மூச்சு முட்டுச்சு. ஆட்டோ உள்ளயே வர முடியலீங்க. கட்டு ஏத்தற வேன் தெருவை அடைச்சுட்டு நின்னுது. நானும் என்ற மகனும் நாற்காலில வெச்சுத் தூக்கிட்டுப் போனோம்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். அங்கேயும் 'பா'தான் போட்டேன். சுவரில் விரிசல் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு பக்கக் கடிதத்தை டி.டி. மேசையில் வைத்தேன். விரல் முதல் வரியில் ஊன்றியது. நகர்ந்தது. மூன்றாவது வரியில் நின்றது. அந்த வரியில்தான், 'மேற்படி பதினேழு கட்டடங்களுக்கும் நான் இட்ட பா என்னும் குறி உண்மையல்ல' என்று எழுதியிருந்தேன்.

"பதினேழுமா?"

"பதினேழும் சார்."

"அதுல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், தெரியும்லா?"

"தெரியும் சார்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"மெமோ வரும். விளக்கம் எழுதணும்" என்றார். அப்புறம் கேட்டார்: "ஆட்சேபனைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"பதினெட்டு நாள் சார்."

"அறிவிப்பை அந்தத் தெருவுல ஒட்டினீங்களா?"

"இல்ல சார். நம்ம பலகையிலதான்."

"அந்தப் பிள்ளைக மிசினை விட்டுட்டு நம்ம பலகையப் படிக்க வருமா? போய் ஒட்டுங்க. தமிழ்ல, பெரிய எழுத்துல. ஒட்டினதைப் பாத்துட்டு வாங்க."

கடிதத்தின் நகலைச் சரஸ்வதியிடம் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே போய்ப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வந்து நடுப்பக்கத்தைப் பிரித்தாள். 'எங்கள் வீட்டு முன் ஹாலில் ஆறு மிசின் ஓடுகிறது' என்பதுதான் அவள் எழுதிய முதல் வரி. மூன்று நாளில் பதினாறு மனு வந்துவிட்டது. சிலது கோடு போட்ட தாள், சிலது அட்டைப் பெட்டியின் பின்பக்கம். எங்கள் பதிவு எழுத்தர் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் போட்டுக் கை வலிக்கிறது என்று புலம்பினார். எனக்கு அது பாட்டுக் கேட்பது போல இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. மற்றப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பேசிச் சலித்த பிறகு கிணத்துக்காட்டு வீதியின் முறை வந்தது. எண் வரிசைப்படி ஜோசப் வாத்தியாரை முதலில் அழைத்தார் டி.டி. அவர் ஜெனரேட்டரைச் சொன்னார், வேனைச் சொன்னார், மனைவியை நாற்காலியில் தூக்கியதைச் சொன்னார்.

அடுத்து சரஸ்வதி. வக்கீல் வைத்துக்கொண்டு வந்தவர்களெல்லாம் எதிராளி சொல்வதை மறுத்துத்தான் பேசியிருந்தார்கள். அவளும் அப்படித்தான் பேசுவாள் என்று நினைத்தோம்.

"வாத்தியார் சொல்றதெல்லாம் நெசமுங்க" என்று ஆரம்பித்தாள். "அந்த ஜெனரேட்டர் எங்களுதுதானுங்க. சுவத்தோரம் வெச்சது எங்க தப்பு. வாத்தியாரூட்டு அம்மாவத் தூக்கிட்டுப் போனப்ப நான் மிசினுல இருந்தேன், எனக்கே தெரியலீங்க. வேனை முக்குலயே நிறுத்திக்கறமுங்க, கட்டை மொபெட்டுல கொண்டாந்துக்கறோம். ஜெனரேட்டரைப் பின்னால காட்டுப் பக்கம் மாத்தறோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல, ஞாயித்துக்கெழமைல மிசினே ஓட்ட மாட்டமுங்க. சாயப்பட்டறைய மட்டும் எங்க தெருவுக்குள்ள விட்டுராதீங்க. அதுக்கு நாங்களே ஆட்சேபனைங்க."

பையிலிருந்து வாத்துச் சட்டையை எடுத்தாள். அது எந்தெந்த வீட்டுக்குப் போய் வந்தது என்று வரிசையாகச் சொன்னாள். ஒவ்வொரு வீட்டைச் சொல்லும்போதும் அந்த வீட்டு ஆள் எழுந்து நின்றார். ஒன்பதாவது வீட்டு ஆள் நின்றபோது டி.டி. கையை நீட்டினார். சட்டையை வாங்கி, தையல் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, கோப்புப் படிப்பது போலவே தோளிலிருந்து கை வரை தடவிக்கொண்டு போனார். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"ஜோசப் சார், இந்த நிபந்தனைய எழுத்துல போட்டா உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

"எழுத்துல போட்டாச் சம்மதமுங்க" என்றார் வாத்தியார்.

"எழுதுங்கம்மா" என்றார் டி.டி. என்னைப் பார்த்து. பல நாள் கழித்து அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார்.

மறு ஆய்வுக்கு வழக்கமாக எங்களைத்தான் அனுப்புவார்கள். இந்தத் தெருவுக்கு அவரே வந்தார். பகல் பதினொரு மணி வெயிலில், பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையோடு, பதினேழு வீடும் ஏறி இறங்கினார். நாலாவது வீட்டின் கேட்டைத் திறந்தபோது எந்தச் சத்தமும் நிற்கவில்லை. ஆறு மிசினும் ஓடிக்கொண்டிருந்தன. பெட்ஷீட் பெரியவரின் கட்டிலில் இருந்தது.

சரஸ்வதியின் மிசின் சன்னலுக்கு முதுகு காட்டி, அறையைப் பார்த்துப் போட்டிருந்தது. "வெளிச்சம் அந்தப் பக்கம்லா இருக்கு. ஏன் இப்படித் திருப்பிப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் டி.டி.

"இப்படி உக்காந்தாத்தான் மாமனார் கட்டல் தெரியுமுங்க" என்றாள், தைப்பதை நிறுத்தாமல்.

அவர் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். பிறகு என்னிடமிருந்து ஏட்டை வாங்கி, தானே ஏதோ எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒப்புதல் வருவதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் எத்தனை தடவை கோப்பு மேலே போய்க் கீழே வந்தது என்பதை எழுதினால் இது முடியாது. ஆனால் வந்தது. கிணத்துக்காட்டு வீதி நிபந்தனைகளோடு கலப்பு உபயோகப் பகுதி ஆனது. கலப்புக்கு எங்கள் பட்டியலில் அப்போது நிறமே கிடையாது. என்ன செய்வது என்று டி.டி.யைக் கேட்டேன். "வீடும் இருக்கு, தொழிலும் இருக்கு. ரெண்டும் தெரியணும்" என்றார். மஞ்சளைத் தீட்டி அதன் மேல் ஊதாக் கோடு இழுத்தேன். என் வாழ்க்கையில் நான் இழுத்ததிலேயே நேரான கோடுகள் அவை. கவிதா கேட்ட கிறுக்கல் அதுதான்.

உத்தரவு வந்த வாரம் தெருவுக்குப் போனேன். கேட்டுக்குக் கேட்டு போர்டு தொங்கியது. 'சரசு கார்மெண்ட்ஸ், ஓவர்லாக் தைக்கப்படும், காலை 8 முதல் இரவு 8 வரை, ஞாயிறு விடுமுறை.' ஊடு தானுங்க என்று வருடக்கணக்காகச் சொன்னவர்கள் பெயர் எழுதி மாட்டியிருந்தார்கள். எல்லா போர்டும் ஒரே அழகான கையெழுத்தில், அச்சடித்த மாதிரி இருந்தது. எழுதியது ஜோசப் வாத்தியார். கடைசி போர்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நேரத்தை மட்டும் எல்லாவற்றிலும் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மறைக்கவில்லை.

மெமோவும் வந்தது. டி.டி. சொன்னதைச் செய்யாமல் விடுகிறவர் இல்லை. என் விளக்கத்தைப் படித்து, 'விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. இனி இவ்வாறு நிகழாவண்ணம் எச்சரிக்கப்படுகிறார்' என்று உத்தரவு போட்டார். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதில் எனக்கு வருத்தம் உண்டா என்றால், உண்டு. ஆனால் திரும்ப அதே திங்கட்கிழமை வந்தாலும் அதே கடிதத்தைத்தான் வைப்பேன்.

ஓய்வு பெற்ற அன்று போட்ட சால்வை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த மெமோவை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு முன் ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் ஏதோ பாராட்டுப் பத்திரம் என்று நினைத்துக் கிட்டப்போய்ப் படித்துவிட்டுத் திகைப்பார்கள். கொஞ்சம் கீழேயும் படியுங்கள் என்பேன். அங்கே கையெழுத்துக்கு அடியில், அதிகாரிகள் மட்டும் எழுதும் பச்சை மையில், டி.டி. தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார். மறு ஆய்வு நாளில் என் ஏட்டில் அவர் எழுதிய அதே வரிதான் அது.

'பதினேழு கட்டடங்களும், இவ்வரைவாளரின் நேர்மையும், என்னால் பார்க்கப்பட்டன.'

அதற்கு எதிரே ஓரத்தில், பச்சையில் ஒரு 'பா'.